2200 வாட்டா, 1800 வாட்டா? ஃபிஃப்த் வீலுக்கு எந்த ஜெனரேட்டர்?

பாலைவனப் பாண்டி:
ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் டிரக்கில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி பற்றிப் பக்கத்து இழையில் ஹூஸ்டன் கணேஷ் எழுதியது இது: "ஃபிஃப்த் வீலுக்கு ஹோண்டா இயூ2200ஐ ஜெனரேட்டர் ஒன்று போதும், ஏசி ஜம்மென்று ஓடும். 5500 வாட் ஓனன் மாட்டுகிறவர்கள் காசைக் கரியாக்குகிறார்கள்." என் வண்டியின் முன்பக்க அறையில் இருப்பது அந்த ஓனன் ஜெனரேட்டர்தான், அதனால் பதில் சொல்கிறேன். 2200 என்பது சிறிது நேரம் மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து கிடைப்பது 1800. 15,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஓடும்போதே 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போல இரண்டு மடங்கு கேட்கும். எங்கிருந்து வரும்?

ஹூஸ்டன் கணேஷ்:
பெட்டியில் 2200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது பாண்டி சார். கம்பெனிக்காரனைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா? என் ஏசியில் சாஃப்ட் ஸ்டார்ட் என்ற கருவியை மாட்டியிருக்கிறேன். கம்ப்ரஸர் மெதுவாகக் கிளம்புகிறது, ஜெனரேட்டர் முனகக்கூட இல்லை.

பாலைவனப் பாண்டி:
உங்கள் ஏசி எத்தனை பிடியு?

ஹூஸ்டன் கணேஷ்:
13,500. அதனால் என்ன? ஏசி ஏசிதானே.

பாலைவனப் பாண்டி:
ஏசி ஏசிதானா! நான் 15,000 பிடியு பற்றிப் பேசுகிறேன், அதுவும் இரண்டு. 50 ஆம்ப் கரண்ட் இணைப்பு உள்ள வண்டி சார். 1800-ஐ வைத்துக்கொண்டு மைக்ரோவேவ் போடுவீர்களா, பேட்டரி சார்ஜ் செய்வீர்களா?

ராகவன்:
50 ஆம்ப் என்றால் 50 × 120, ஆறாயிரம் வாட். அதற்கு 5500-உம் போதாதே.

பாலைவனப் பாண்டி:
தம்பி, 50 ஆம்ப் பிளக்கில் இரண்டு லைன் வருகிறது. ஒவ்வொன்றும் 120 வோல்ட், 50 ஆம்ப். மொத்தம் 12,000 வாட். அத்தனையும் ஒரே நேரத்தில் யாரும் இழுப்பதில்லை. முதலில் பிளக்கைத் திறந்து பாருங்கள்.

ராகவன்:
மரியாதையாகப் பேசலாமே. டயர் பிரஷர் பேச்சிலும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள்.

டென்வர் செல்வி:
இரண்டு பேரும் கடல் மட்டத்திலேயே நிற்கிறீர்கள். ஆயிரம் அடி ஏற ஏற இன்ஜின் சக்தி சுமார் 3.5 சதவீதம் குறையும். கொலராடோ மலையில் இருக்கும் லெட்வில் ஊர் 10,000 அடிக்கு மேல். அங்கே உங்கள் 1800 கிட்டத்தட்ட 1200 ஆகிவிடும். பெட்ரோலுக்குப் பதில் புரோப்பேன் கேஸில் ஓட்டினால் இன்னும் குறையும்.

ஹூஸ்டன் கணேஷ்:
லெட்வில்லில் ஏசி எதற்கு? ஜூலையிலேயே ராத்திரி ஸ்வெட்டர் கேட்கும் ஊர்.

டென்வர் செல்வி:
ஏசிக்கு மட்டும்தான் ஜெனரேட்டரா? எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ராத்திரி மூச்சுக் கருவி ஓட வேண்டும். பகலில் ஜெனரேட்டர் போட்டுப் பேட்டரியை நிரப்பியாக வேண்டும்.

பாலைவனப் பாண்டி:
பார்த்தீர்களா, அதுவும் 2200 இல்லை, 1200.

ஹூஸ்டன் கணேஷ்:
பெட்டியில் 2200.

ராகவன்:
புரோப்பேனைக் குறை சொல்ல வேண்டாம். பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கார்புரேட்டரில் பிசின் கட்டும். புரோப்பேனில் அந்தத் தொல்லை இல்லை. வண்டியில் ஏற்கெனவே சிலிண்டர் இருக்கிறது.

ஹூஸ்டன் கணேஷ்:
சத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? என் ஹோண்டா 48 டெசிபெல். அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் ஓனன்காரர் பக்கத்தில் மாட்டினால் காலைத் தூக்கம் போச்சு.

பாலைவனப் பாண்டி:
48 கால்வாசி லோடில் மட்டும். ஏசி போட்டு முழு லோடுக்குப் போனால் 57. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபெல் தாண்டக் கூடாது என்று விதி இருப்பது எனக்கும் தெரியும். என் ஜெனரேட்டர் காலை எட்டுக்கு முன்னால் ஓடியதே இல்லை.

மேரிலாந்து மணி:
இரண்டு 2200-ஐ பேரலல் கேபிளில் சேர்த்துவிடலாமே? 3600 வாட். 30 ஆம்ப் வண்டிக்குக் கச்சிதம். ஒன்று சுமார் 21 கிலோதான், கையில் தூக்கலாம். ஓனனை இறக்க நாலு ஆள் வேண்டும்.

பாலைவனப் பாண்டி:
மணி, நீங்களே இப்போது 3600 என்றுதானே சொன்னீர்கள்? 4400 என்று ஏன் சொல்லவில்லை? இரண்டால் வகுத்துப் பாருங்கள். 1800!

மேரிலாந்து மணி:
நான் எந்தக் கட்சியும் இல்லை சார். சர்ஜ் புரொடெக்டர் (கரண்டில் கோளாறு இருந்தால் தடுக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: இந்தச் சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் கம்பி கிரவுண்டோடு (தரை இணைப்போடு) சேர்ந்திருக்காது. கருவி கோளாறு என்று காட்டிக் கரண்டை விடாது. நியூட்ரலை கிரவுண்டோடு இணைக்கும் பிளக் ஒன்று ஜெனரேட்டரில் செருக வேண்டும்.

ராகவன்:
அந்தப் பிளக் ஆபத்து என்று என் எலக்ட்ரீஷியன் சொன்னார்.

பாலைவனப் பாண்டி:
உங்கள் எலக்ட்ரீஷியன்தான் 50 ஆம்புக்கு 6000 வாட் என்றும் சொன்னாரா?

ராகவன்:
இதற்குமேல் உங்களோடு பேச்சில்லை.

ஹூஸ்டன் கணேஷ்:
ராகவன், விடுங்கள். அவருக்கு ஓனனுக்குக் கொட்டிய பணத்தின் வலி. நாளை பெட்டியைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

பாலைவனப் பாண்டி:
பெட்டியை வேண்டாம். ஜெனரேட்டரோடு வந்த கையேட்டில் "ரேட்டட் அவுட்புட்" (தொடர்ந்து தரும் அளவு) என்ற வரியைப் படம் எடுத்துப் போடுங்கள். காத்திருக்கிறேன்.