பெரியவர்கள் கைக்கு லேசான பாத்திரம்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

வடபழனி மருமகள்
மாமியாருக்கு முடக்குவாதம், விரல் மூட்டெல்லாம் வீக்கம். ஒன்றரை லிட்டர் பால், பொங்கி அடங்கிய நேரம், இடுக்கியால் தூக்கினார். இடுக்கி கையை விட்டு நழுவவில்லை. பாத்திரம்தான் இடுக்கிக்குள்ளேயே சுழன்றது. பால் முழுக்க மேடையில். இத்தனைக்கும் அது கால் கிலோகூட இல்லாத மெல்லிய எவர்சில்வர். அதனால் "லேசா வாங்கிக் குடுங்க" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். இடுக்கியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வீங்கிய விரலுக்கு முடியாதது அந்த அழுத்தம்தான். இரண்டு பக்கமும் காது வைத்த பாத்திரமாகப் பாருங்கள். துணியோடு நான்கு விரலும் காதுக்குள் நுழைய வேண்டும். இரண்டு விரல் மட்டும் போகிற காதும் இடுக்கியும் ஒன்றுதான்.

பாத்திரக்கடை
பால் பாத்திரத்தை விடுங்கள், குக்கர் மூடியைப் பேசுங்கள். கடையில் ஒரு அம்மா புதுக் குக்கரைத் திறந்து பார்த்தார். மணிக்கட்டு திரும்பவில்லை, உடம்பையே இடுப்போடு திருப்பினார். அவருக்குக் கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம். மேலே வைத்துத் திருகும் மூடி அந்த மூட்டைத்தான் நேராகப் பதம் பார்க்கும்.

உள்ளே இறங்கும் மூடியில் திருகல் கிடையாது. ஆனால் சாய்த்து நுழைத்து, தூக்கிப் பிடித்துக்கொண்டே கொக்கியை மாட்ட வேண்டும். வாங்குகிறவரே கடையில் நாலைந்து தடவை மூடித் திறந்து பார்க்கட்டும். மகனோ மகளோ பார்த்து வாங்கினால் தெரியாது. திருகு மூடி இறுகினால் முதலில் காஸ்கெட்டை, அதாவது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வேறு கம்பெனி காஸ்கெட் போட்டால் தடிமன் மாறி மூடி சண்டை போடும். மூடியின் பற்களில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் திருகுவது எளிது. இரண்டு பேருக்கு 3 லிட்டர் தாராளம். சாதமோ பருப்போ, தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 5 லிட்டர் "எதுக்கும் இருக்கட்டும்" என்று வாங்குவதுதான் வீட்டுக்கு வீடு நடக்கிறது.

இன்னொன்று. குக்கரை அடுப்பிலிருந்து இறக்கவே வேண்டாம். உள்ளே சின்னப் பாத்திரங்களில் அரிசியும் பருப்பும் வைத்து, ஆறியதும் அவற்றை மட்டும் எடுக்கலாம். அடியில் இருக்கும் தண்ணீரை டம்ளரால் மொண்டு ஊற்றிவிடலாம்.

மதுரைத் தோசைக்கல்
மேலே யாரும் கல்லைப் பற்றிப் பேசவில்லை. இரும்புக் கல் கனம் என்று பெரியம்மாவுக்கு மெல்லிய நான்-ஸ்டிக் கல் வாங்கித் தந்தார்கள். மாவு ஊற்றிக் கரண்டியால் சுற்றினார், கரண்டியோடு கல்லும் சேர்ந்து சுற்றியது. இடது கையால் பிடித்துக்கொண்டுதான் வார்க்க முடிந்தது, வலி இருந்ததோ இடது கையில். 12 அங்குல வார்ப்பிரும்புக் கல் இரண்டரை கிலோ வாக்கில் வரும். ஆனால் நகராது. அதை யார் தூக்கச் சொன்னது? ஒரு பர்னரில் கிடக்கட்டும். சூடு ஆறியதும் துணியால் துடைத்து எண்ணெய் தடவினால் போதும், தினமும் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டியதில்லை. ஒற்றை அடுப்பு வீடு என்றால் மட்டும் கனமான அடியுள்ள அலுமினியக் கல் பாருங்கள். ஒரே தடிமனில் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் இருக்கும்.

கை பயிற்சி
மதுரைக்காரர் சொல்வது கல்லுக்குச் சரி, வாணலிக்குச் சரியில்லை. வாணலியைச் சாய்த்துக் கொட்டித்தான் ஆக வேண்டும். சிகிச்சைக்கு வந்த ஒருவர் வாணலியைச் சாய்க்கும்போது கைப்பிடி உள்ளங்கைக்குள் உருண்டதைப் பார்த்தேன். நல்ல வாணலி, நல்ல பிடி. பேக்லைட் கைப்பிடியின் திருகாணி மட்டும் கால் சுற்று தளர்ந்திருந்தது. அந்தக் கால் சுற்றைத் தடுக்க விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன. மாதம் ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரால் முடுக்குங்கள்.

நீளக் கைப்பிடியில் எடையும் மணிக்கட்டும் ஒரு சாண் தள்ளி நிற்கும். ஒரு கிலோ பொரியல் அங்கே அதைவிடக் கனமாகத் தெரியும். எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் காது இருந்தால் சுமையை இரண்டு கையும் பங்கு போடும். அதே சமயம் ரொம்ப மெல்லிய சின்ன வாணலிக்கு நீளப் பிடி வைத்தால் காலியாக இருக்கும்போது அடுப்பில் பின்பக்கம் கவிழும். பிடியின் குறுக்களவு மூன்றரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் விரல் முழுக்க மடங்க வேண்டியதில்லை. ஒல்லிப் பிடிக்குப் பருத்தி நாடா சுற்றலாம், தீ படும் பக்கம் நான்கு விரல் விட்டு. ரப்பர், ஸ்பாஞ்ச் வேண்டாம், உருகும்.

கடையில் காலிப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்துத் தூக்கி, கொட்டுகிற மாதிரி சாய்த்துப் பாருங்கள். முடக்குவாதக்காரர்களுக்கு விடியற்காலையில் விறைப்பு அதிகம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். ஆகவே காலைக் காபிக்கு உள்ள பாத்திரம்தான் வீட்டிலேயே எளிதாக இருக்க வேண்டும். சாயங்காலம் கடைக்குப் போய் "முடிகிறதே" என்று வாங்கி வந்துவிடாதீர்கள்.

வடபழனி மருமகள்
இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வெறும் அலுமினியம் அதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எஃகுத் தகடு பதித்ததாக வேண்டும், அது எடையைக் கூட்டும். காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். வெறும் அலுமினியத்தில் புளிக்குழம்பும் வேண்டாம், அரிக்கும். மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய ஹார்ட் அனோடைஸ்டு அலுமினியம் பரவாயில்லை.

காவிரிக்கரை
கஞ்சி வடிப்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஆபத்து அங்கேதான். தட்டை மூடி, கொதிக்கிற பானையைக் கவிழ்த்துச் சாய்த்து வைக்கும்போது அத்தையின் கை நடுங்கியதைப் பார்த்தவர்கள் குக்கர் சாதமே போதும் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, சர்க்கரைக்கு வடித்த சாதம்தான் வேண்டுமாம். துளையிட்ட எவர்சில்வர் கூடை ஒன்று பானைக்குள் உட்காரும்படி வாங்கினோம். கால் கிலோ அரிசி வெந்தால் முக்கால் கிலோ வாக்கில். கூடையை மட்டும் தூக்கி, பானையின் விளிம்பில் கொக்கி மாட்டி வடிய விட வேண்டும். கொக்கி இல்லாத கூடை வாங்காதீர்கள், வடிகிற வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். கஞ்சி ஆறிய பிறகு கரண்டியால் மொண்டுகொள்ளலாம்.