புதுப்பிப்பு: செங்கோட்டைத் தோட்டத்தில் கிடைத்த சாவி

வாழைக்குக் குழி எடுத்தபோது கிடைத்த, பல்லே இல்லாத குட்டிச் சாவியின் படத்தைப் போட்டு, எதைத் திறக்கும் என்று கேட்டிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது. எதையும் திறக்காது! பாக்கெட் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற சாவி.

தென்காசியில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஊசியால் மண்ணைக் கிளறியதும் முனையில் சதுரத் துளை தெரிந்தது. கடிகாரத்தின் சதுரத் தண்டில் மாட்டித் திருகத்தான் அந்தத் துளை. குழாய் இரும்பு, துருவேறி உதிர்கிறது. பித்தளை வளையம் மட்டும் இன்னும் சுழல்கிறது. சங்கிலியில் கோக்கத்தான் அது. முள்ளைத் திருப்பி வைக்கவும் இதே சாவிதானாம். 1840களில் அட்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர் தலைத்திருகு (சாவி இல்லாமல் விரலாலேயே திருகும் குமிழ்) வைத்த கடிகாரம் செய்தார். அப்புறம் இதற்கு மெல்ல வேலை போனது.

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் அலைகிறவர்களுக்கு இவை நிறையச் சிக்கும், பலசமயம் வளையம் மட்டும்.

தன்னிடம் இரண்டு முனைச் சாவி இருப்பதாகப் படத்துக்குக் கீழே எழுதியவருக்கு: அது மேசைக் கடிகாரத்துடையது. பெரிய முனை சாவி கொடுக்க, சின்னது வேகத்தைக் கூட்டிக் குறைக்க.

1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததை வைத்து 'அரண்மனைச் சாவி' என்று அங்கேயே கதை கட்டியவருக்கு ஒரு கும்பிடு.

அம்மா புளி போட்டுத் துலக்கப் பார்த்தாள். இரும்பு இன்னும் அரிக்கும் என்று அண்ணாச்சி தடுத்துவிட்டார். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன்.