மறு: ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் – 'மறுசீரமைப்பு' போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பதினோராம் வகுப்புப் பாடநூலுக்கான கலைச்சொல் பட்டியலில், அமெரிக்க வரலாற்றின் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு 'மறுசீரமைப்பு' என்றே போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரிகிற சொல்.

புரியும் ஐயா, ஆனால் வேறு எதுவாகவோ புரியும். 1956-இல் மொழிவழியாக மாநிலங்களைப் பிரித்தது மறுசீரமைப்பு. நிறுவனம் வங்கியிடம் தவணையை நீட்டி வாங்கினால் கடன் மறுசீரமைப்பு. தொகுதி எல்லையை மாற்றினால் அதுவும் மறுசீரமைப்புதான். இருக்கிற பொருட்களையே வேறு அடுக்கில் வைக்கும் வேலைக்கு அந்தச் சொல் பழகிப்போய்விட்டது. அடிமைமுறையைக் காக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து, போரில் தோற்ற அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1865-க்குப் பிறகு நடந்ததை அதற்குள் அடக்க முடியாது. அடிமைகளாக, சட்டத்தின் கண்ணில் நேற்றுவரை சொத்தாக இருந்த கறுப்பினத்தவர்கள் சுமார் 40 லட்சம் பேர். அவர்கள் குடிமக்களா, ஓட்டுப் போடலாமா, அவர்களுக்கு நிலம் உண்டா, தோற்ற மாநிலங்களை எந்த நிபந்தனையில் ஒன்றியத்துக்குள் சேர்ப்பது என்று ஒவ்வொன்றையும் புதிதாக முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

> புனரமைப்பு வேண்டாம். எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வீதியும் பாலமும்தான் ஞாபகம் வரும். 'மீளக்கட்டியெழுப்பல்' எப்படி?

யாழ்ப்பாண அக்கா சொன்ன முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். இங்கேயும் புனரமைப்பு என்றால் குளம், கோயில், பழைய பேருந்து நிலையம்தான். இரண்டாம் பாதியும் ஓசைக்கு அழகான சொல். ஆனால் இந்த வரலாற்றில் 'மீள்' என்ற வேரைத் தொடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் குடியரசுத் தலைவரானார். தென்மாநிலங்கள் சட்டப்படி ஒன்றியத்தை விட்டுப் போகவே இல்லை, ஆகவே அவற்றைப் பழைய இடத்தில் திரும்ப வைத்தால் போதும் என்பது அவருடைய வாதம். அதனால் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற பேச்சைவிட 'ரெஸ்டோரேஷன்' என்ற சொல்லையே அவர் விரும்பினார். நிலத்திலும் அதையே செய்தார். 1865 ஜனவரியில் ஒன்றியப் படைத் தளபதி ஷெர்மன் போட்ட உத்தரவின்படி தெற்குக் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா கடலோரத்தில் கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டது. விதைத்து உட்காரும் முன்பே, ஜான்சன் பழைய தோட்ட முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து, அந்த நிலத்தில் பெரும்பகுதியை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். இதற்குத் தமிழில் கச்சிதமான சொல் 'மீட்டமைப்பு'. கணினியில் பழைய நிலைக்குத் திருப்புவதற்கு நாம் பயன்படுத்தும் அதே சொல், பொருளும் அதேதான்.

ஜான்சனின் ஏற்பாட்டை எதிர்த்து நாடாளுமன்றத்தில் தீவிரக் குடியரசுக் கட்சியினர் நடத்தியதுதான் உண்மையான ரீகன்ஸ்ட்ரக்‌ஷன். 1867-இல் பத்து மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்து, கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டுக் கொடுத்துப் புது அரசமைப்புச் சட்டம் எழுதச் சொன்னார்கள். 1868-இல் 14-ஆம் திருத்தம் பிறப்பால் குடியுரிமை தந்தது. 1870-இல் 15-ஆம் திருத்தம் இனத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினப் போதகர் மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குப் போனார். பிரிவினை அரசின் தலைவராக இருந்த ஜெபர்சன் டேவிஸ் அதற்குமுன் செனட்டராக இருந்ததும் அதே மிசிசிப்பிக்குத்தான்! தெற்குக் கரோலினாவின் கீழவையில் கறுப்பினத்தவர்களே பெரும்பான்மை. இதில் எதை 'மீட்டார்கள்'? இதற்கு முன்னால் அங்கே இப்படி ஒன்று இருந்ததே இல்லையே.

இன்னும் இருக்கிறது. இந்த அரசுகளைக் கவிழ்த்த வெள்ளையினத் தலைவர்கள் தங்களை 'ரிடீமர்' என்றும், கவிழ்த்ததை 'ரிடெம்ப்ஷன்' என்றும் சொல்லிக்கொண்டார்கள். கிறித்தவத் தமிழில் மீட்பர், மீட்பு. இரவில் முகமூடியோடு வந்து அடித்ததும், 1873-இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிவளைத்துக் கறுப்பினத்தவர்களைக் கொன்றுகுவித்ததும் இந்த 'மீட்பில்' சேர்த்திதான். 1877-இல் ஹேய்ஸ் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதும், கடைசியாக லூசியானா, தெற்குக் கரோலினா சட்டமன்றங்களைக் காத்துநின்ற ஒன்றியப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. மீட்பர்கள் உள்ளே வந்தார்கள்.

ஆக, ஜான்சனுடையது மீட்டமைப்பு, தோட்ட முதலாளிகளுடையது மீட்பு. இரண்டுக்கும் எதிராக நின்றதை 'மீள்கட்டமைப்பு', 'மீளக்கட்டியெழுப்பல்' என்று எழுதினால், பதினோராம் வகுப்புப் பிள்ளை மூன்றையும் ஒரே கட்சி என்றுதான் படிக்கும். எதிரிக்கு 'மீள்' குடும்பத்தை விட்டுவிடுவோம். நமக்கு 'மறு' போதும். மறுமணம் என்றால் முதல் கணவரிடமே திரும்பிப் போவது இல்லையே.

என் பரிந்துரை: மறுகட்டுமானம். காலத்தைச் சொல்லும்போது மறுகட்டுமானக் காலம்.

> கட்டுமானம் என்றால் கம்பி, சிமெண்ட், கொத்தனார் இல்லையா?

ஆங்கில மூலமும் கட்டடத் தொழிலிலிருந்து வந்ததுதான் தம்பி. தேசக் கட்டுமானம் என்று நாளிதழ்கள் எழுதும்போது யாரும் செங்கல்லைத் தேடுவதில்லை. ஒரு சொல்லை ஏற்கும் முன் அதை வாக்கியங்களில் போட்டு ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். 'மறுகட்டுமானச் சட்டங்களை ஜான்சன் தன் தடுப்பதிகாரத்தால் (வீட்டோ) நிறுத்தப் பார்த்தார். நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது.' ஓடுகிறது. 'மறுகட்டுமான அரசுகள் தென்மாநிலங்களில் பொதுப்பள்ளிகளைத் தொடங்கின.' சரி. '1950-60களின் குடிமை உரிமைப் போராட்டத்தை இரண்டாம் மறுகட்டுமானம் என்பார்கள்.' இதுவும் நிற்கிறது. 'மறுகட்டுமானம் பாதியில் கைவிடப்பட்டது.' கட்டுமானத்துக்கு இந்த வினை இயல்பாக ஒட்டுகிறது; மறுசீரமைப்போடு சேர்த்தால் ஏதோ கோப்பு நிலுவையில் கிடப்பது போல இருக்கிறது.

கூடவே வரும் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

'ஃப்ரீட்மென்' என்பதற்கு 'முன்னாள் அடிமைகள்' என்று பட்டியலில் இருக்கிறது. தவறில்லை, ஆனால் மூலத்தில் விடுதலை முன்னால் நிற்கிறது. 'விடுதலையானோர்' என்று வைத்தால் 1865 மார்ச்சில் தொடங்கிய அலுவலகத்தை 'விடுதலையானோர் பணியகம்' என்று எளிதாகச் சொல்லலாம். அதன் முழுப்பெயரில் அகதிகளும் கைவிடப்பட்ட நிலங்களும் வருகின்றன. அதை முதல் தடவை மட்டும் விரித்துச் சொன்னால் போதும்.

'ஷேர்கிராப்பிங்'கிற்கு யாரோ 'பங்குப்பயிர் முறை' என்று புதிதாகச் செய்திருக்கிறார்கள். தேவையே இல்லை. வாரச் சாகுபடி என்று காலங்காலமாக நம்மிடம் இருக்கிறது. நிலம் முதலாளியுடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்கொரு பங்கு. அங்கே பருத்தி, விதையும் கருவியும் கடனுக்கு, அறுவடை முடிந்தால் கணக்கில் பாக்கி. தயவுசெய்து 'குத்தகை' என்று மட்டும் போடாதீர்கள். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுப்பது. வாரம் அப்படி இல்லை.

'கார்ப்பெட்பேகர்'களுக்கு 'வந்தேறிகள்' என்ற பரிந்துரையைக் கடுமையாக எதிர்க்கிறேன். கம்பளத் துணியில் தைத்த பையோடு வடக்கிலிருந்து கொள்ளையடிக்க வந்தவர்கள் என்று தெற்கத்தி வெள்ளையர்கள் வைத்த ஏச்சுப்பெயர் அது. வந்தவர்களில் ஆசிரியர்களும் போர்வீரர்களும் இருந்தார்கள், பணம் பண்ண வந்தவர்களும் இருந்தார்கள். வந்தேறி என்று நாம் எழுதினால் அந்த வசை பாடநூலின் சொந்தக் குரலாகிவிடும். மேற்கோள் குறிக்குள் 'கார்ப்பெட்பேகர்' என்றே போட்டு ஒரு வரி விளக்கம் கொடுக்கலாம்.

இன்னும் உட்காராதது 'பிளாக் கோட்ஸ்'. 1865-66இல் மிசிசிப்பி, தெற்குக் கரோலினா முதலிய மாநிலங்கள் விடுதலையானோரை மறுபடி தோட்டத்தில் கட்டிப்போட இயற்றியவை. வேலை ஒப்பந்தம் கையில் இல்லாதவரை ஊர்சுற்றி என்று பிடித்து, அபராதம் போட்டு, அதைக் கட்ட முடியாதவரைக் கூலிக்கு விடுவார்கள். 'கறுப்புச் சட்டங்கள்' என்று எழுதினால் ரௌலட் சட்டமும், போராட்ட மேடைகளில் திட்டு வாங்கும் எல்லாச் சட்டங்களும் நினைவுக்கு வந்துவிடும். 'கறுப்பர் சட்டங்கள்' என்றால் அவர்களே இயற்றியது போல இருக்கிறது. 'கறுப்பர் கட்டுப்பாட்டுச் சட்டங்கள்' என்பதைத் தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக ஒன்று தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள். பட்டியலை இறுதி செய்யும்போது சேர்த்துவிடலாம்.