தங்கச்சிக்கு வேலை வாங்கிய வருடம்

2011-இல் ரப்பர் கிலோ 240 ரூபாயைத் தொட்டதை எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ரப்பர் பாலை உறைய வைத்துப் புகையில் உலர்த்திய, பத்து வருடம் முன்பு 30 ரூபாய்க்குப் போன அதே ஷீட். எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். அந்த வருடம்தான் வீட்டுக்கு டைல்ஸ் போட்டோம். அந்த வருடம்தான் தங்கச்சிக்கு ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை வாங்கினோம். கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பள்ளிகளில் ஆளை எடுப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. பணம் கைமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். எல்லாப் பள்ளியும் அப்படி இல்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டம் எங்களுடையது. தெருவுக்கு நாலு பி.எட். இருக்கும் ஊரில் காலியிடம் ஒன்றோ இரண்டோ வந்தால் என்ன ஆகும்? கல்யாணப் பேச்சில் நகைக் கணக்கோடு சேர்த்து, 'எய்டட் ஸ்கூல் வேலை, இவ்வளவு கொடுத்து எடுத்தது' என்று வெளிப்படையாகவே சொல்வார்கள். லஞ்சம் என்ற சொல் அங்கே வராது. டொனேஷன், கட்டிட நிதி, அவ்வளவுதான்.

எங்கள் பாட்டா பனையேறி. அப்பா மிஷன் பள்ளியில் படித்து, பரீட்சை எழுதி, அரசு வேலைக்குப் போனவர். 'ஒருத்தனுக்கும் கைக்கூலி கொடுக்காம வந்தவன் நான்' என்று அடிக்கடி சொல்வார், அது உண்மையும்தான். பட்டா பெயர் மாற்ற 500 ரூபாய் கேட்டவரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தவர். ஊழலுக்கு எதிராக அண்ணா ஹசாரே டெல்லியில் உண்ணாவிரதம் இருந்த அந்த ஆகஸ்டில் பாதி ராத்திரி வரை டிவி முன்னால் இருந்தார். அடுத்த மாதம் பத்து லட்சம் எண்ணிக் கொடுத்தார். இரண்டும் ஒன்று என்று அவருக்குத் தோன்றவில்லை. கூடவே போன எனக்கும் தோன்றவில்லை. 500 ரூபாய் பிடுங்கல், பத்து லட்சம் பிள்ளைக்குச் செய்கிற கடமை. அப்படித்தான் நினைத்தோம். கையில் காசு இல்லாத காலத்தில் இப்படி நினைத்திருக்கவே முடியாது.

ரூபாயை ஷீட் அடுக்கியிருந்த அறையின் அலமாரியில் வைத்திருந்தோம். வாங்கியவர் நோட்டுக் கட்டை மூக்கருகே கொண்டுபோய், "ரப்பர் காசா?" என்று கேட்டார். புகை வாசனை அதில் ஏறியிருந்தது. ரசீது தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தின் நிர்வாகியும் 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி பொது ஊழியர்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவருக்கும் ஏழு வருடம் வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாங்களே ஆள் பிடித்துப் போனோம்.

2016 தொடக்கத்தில் ரப்பர் 100-க்குக் கீழே இறங்கியது. அந்த வருடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட அப்பா பட்ட பாடு தனிக்கதை.

இதை இப்போது எழுதக் காரணம் போன மாதம் நடந்த ஒன்று. மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண், "அண்ணா, சுகந்தானா?" என்றாள். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய அண்ணனின் மகள். எம்.எஸ்சி., பி.எட். தங்கச்சியைவிட மார்க் கூட. 2011-இல் அதே நேர்காணலுக்கு அவளும் வந்திருந்தாள். இப்போது ஒரு தனியார் பள்ளியில், எங்கள் தங்கச்சி வாங்குவதில் கால்வாசிகூட இல்லாத சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். துணிப்பையில் திருத்த வேண்டிய நோட்டுகள், பாரத்தில் பையின் ஒரு காது பிய்ந்து தொங்கியது.

என்ன பேசுவதென்று தெரியாமல், "அந்த வேலை உனக்குக் கிடைச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

"அது கிடைக்காதுன்னு இன்டர்வியூவுக்கு முன்னாலேயே அப்பா சொல்லிட்டாரு அண்ணா. சேத்து வச்சிருந்த ஷீட்டு மொத்தத்தையும் ஒரே வாரத்துல சந்தைக்குக் கொண்டு போய் வித்தது அவருதானே. எதுக்குன்னு அவருக்குத் தெரியாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. தங்கச்சி பிள்ளைகளை விசாரித்தாள், பஸ் வந்ததும் ஏறிப் போனாள்.

என் மகள் இந்த வருடம் பி.எட். முடிக்கிறாள். போன வாரம் ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லி, தொகையையும் சொன்னார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு 79 வயது. அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தோட்டத்தை விற்றாவது கொடுக்கலாமே என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.