வீட்டில் வலை இருக்கிறது, பிள்ளை எங்கே படுக்கிறான்?

ஏரிக்கரை | சியாயா, மேற்குக் கென்யா

விக்டோரியா ஏரிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில் லேப் வேலை பார்க்கிறேன். இங்கே பெருமழை மார்ச்சில் தொடங்கி மே வரை பெய்யும். மழை பிடித்துச் சில வாரம் போனால் காலை வரிசை வாசலைத் தாண்டிவிடும். பாதிக்கு மேல் இடுப்பில் பிள்ளையோடு வரும் அம்மாக்களும் பாட்டிகளும்தான். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரம். பரிசோதனைக் கிட்டில் இரண்டாவது கோடு விழுந்தால் மலேரியா.

பதிவேட்டில் ஒரு கேள்வி உண்டு: வீட்டில் கொசுவலை இருக்கிறதா? அநேகமாக எல்லோரும் ஆமாம் என்பார்கள். அது உண்மையும்கூட. இரண்டு பேருக்கு ஒரு வலை என்ற கணக்கில் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. அப்படியானால் இத்தனை பிள்ளைகளுக்கு எப்படி வருகிறது?

கிராமச் சுகாதாரத் தொண்டர் ஒருவரோடு வீடு வீடாகப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு வீட்டைச் சொல்கிறேன். மண்சுவர், தகரக் கூரை. சுவரின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி, வீட்டைச் சுற்றிலும். புகையும் சூடும் வெளியேறத்தான் விட்டிருக்கிறார்கள். ஆனால் மலேரியாவைப் பரப்பும் இந்த ஊர் அனாஃபிலிஸ் கொசு சுவரில் முட்டினால் மேலே ஏறிப் பறக்கும், நேராக அந்த இடைவெளியில் புகுந்துவிடும். உள்ளே துணித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டில், அதன் மேல் நீல வலை. அப்பா, அம்மா, கைக்குழந்தை மூவரும் அதற்குள். முன்னறையில் இரவானால் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார்கள். மூன்று பிள்ளைகள் அந்தப் பாயில், வலை இல்லாமல். இரண்டாவது வலை பிரிக்காத பாக்கெட்டில் அலமாரி மேல் இருந்தது.

ஏன் கட்டவில்லை என்று தொண்டர் கேட்டார். அந்த அம்மா, "டாக்டாரி, இது நாலு பேர் வந்து உட்காரும் அறை. தினமும் ராத்திரி கட்டி, காலையில் யார் அவிழ்ப்பது? கட்டத்தான் இங்கே எது இருக்கிறது?" என்றார். (டாக்டர் இல்லாவிட்டாலும் சுகாதார வேலை பார்க்கிறவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) நியாயமான பதில். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரின் அறையில் தூங்கக்கூடாது என்பது இங்குள்ள லுவோ மக்களின் வழக்கம். சிலர் பாட்டி வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள், சிலர் அடுப்படியில். வலையை எண்ணிக் கொடுக்கிறவர்கள் தலையை எண்ணுகிறார்கள், படுக்கும் இடத்தை எண்ணுவதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 5 வயது தாண்டிய பிள்ளைக்குப் பல முறை கடி வாங்கி ஓரளவு எதிர்ப்பு வந்திருக்கும். ரத்தத்தில் கிருமி இருக்கும், காய்ச்சல் இருக்காது. பள்ளிக்கூடம் போவான், பந்து விளையாடுவான், யாரும் பரிசோதிக்க மாட்டார்கள். அவனைக் கடித்த கொசுதான் பிறகு சின்னக் குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுபோகிறது. பிறந்து சில மாதம் அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பு காக்கும், அது போனபின் 5 வயது வரைக்கும்தான் பெரிய ஆபத்து. 2023-இல் உலகத்தில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில், அங்கேயும் நாலில் மூன்று பங்கு 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

வலையை மீன் காயப்போடப் பயன்படுத்துகிறார்கள் என்று அம்மாக்களைத் திட்டும் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஏரிக்கரையில் ஒமேனா என்ற சின்ன மீனை வலையில் உலர்த்துவது உண்மைதான். ஆனால் நான் உள்ளே போய்ப் பார்த்த வீடுகளில் பிள்ளைகள் வலை இல்லாமல் தூங்கியதற்குக் காரணம் அது இல்லை.

நெல்வயல் | இஃபகாரா பக்கம், தான்சானியா

ஏரிக்கரை, நீங்கள் சொல்வது எங்கள் பக்கம் இன்னும் ஒரு படி மேலே. கிலொம்பெரோ பள்ளத்தாக்கில் நெல் விவசாயம். நடவிலிருந்து அறுவடை வரை குடும்பத்தோடு வயலுக்குப் போய்விடுவார்கள், பறவையையும் காட்டுப்பன்றியையும் விரட்ட வேண்டுமே. அங்கே இருப்பது குடிசை, பாதிச் சுவர்கூட இருக்காது. ஊர் வீட்டில் வலை நன்றாகத் தொங்கிக்கொண்டிருக்கும், பிள்ளை வயல் குடிசையில் தூங்கும். சுற்றிலும் தண்ணீர் கட்டிய வயல்.

காய்ச்சல் வந்தாலும் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவது லேசில்லை. வெள்ளக் காலத்தில் பாதை மூழ்கிவிடும். அப்புறம் டெகெடெகே, பிள்ளைக்கு வரும் வலிப்புக்கு இங்கே அதுதான் பெயர். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் இங்கே பலர் அதை மலேரியாவோடு சேர்ப்பதில்லை, காற்று கருப்பு மாதிரி வேறு ஏதோ தீண்டியதாக நினைத்து நாட்டு வைத்தியரிடம் போவார்கள். அப்படி ஒரு பெண் குழந்தையை வலிப்பு தொடங்கி மறுநாள் மாலைதான் கொண்டுவந்தார்கள். உள்ளங்கை வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மலேரியாவுக்கான ஆர்டிசுனேட் ஊசி, ரத்தம் ஏற்றுதல். பிழைத்துக்கொண்டாள். அந்தப் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன், வைத்தியர் வீடு நடக்கும் தூரத்தில் இருந்தது, நாங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தோம்.

செம்மண் | வட கானா

இங்கே மழை சில மாதம்தான், மலேரியாவும் பெரும்பாலும் அப்போதுதான். அதனால் மழைக்காலம் முழுக்க மாதம் ஒரு முறை சின்னப் பிள்ளைகளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கிறோம். முதல் நாள் டோஸ் எங்கள் கண்முன்னே, அடுத்த இரண்டு நாள் அம்மா கொடுக்க வேண்டும். அதில் உள்ள அமோடியாகுயின் மருந்து கசக்கும், பிள்ளை துப்பும். முதல் டோஸோடு நிறுத்தியவர்கள் நிறைய. யார் வீட்டில் மீதி மாத்திரை கிடக்கிறது என்று மறுநாள் போய்ப் பார்ப்பதுதான் பாதி வேலை.

ஏரிக்கரை, ஒரு கேள்வி. அந்தக் கூரை இடைவெளியை அடைத்துவிட முடியாதா?

ஏரிக்கரை

அடைக்கலாம், பலனும் உண்டு. காம்பியாவில் கதவு, ஜன்னலுக்கு வலை அடித்துக் கூரை இடைவெளியை அடைத்தோ, வலையால் உள்கூரை போட்டோ பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. வீட்டுக்குள் வரும் கொசு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, பிள்ளைகளின் ரத்தசோகையும் குறைந்தது. இங்கே சிலர் மண்ணைக் குழைத்து அடைத்துப் பார்த்தார்கள். உள்ளேயே சமைக்கிற வீட்டில் புகை தாங்காமல் திரும்பத் திறந்துவிட்டார்கள். வலைதான் சரி, ஆனால் அதற்குக் காசு வேண்டும்.

தடுப்பூசி பற்றியும் கேட்பீர்கள். 2019-இல் கானா, கென்யா, மலாவி மூன்றிலும் முன்னோட்டமாகத் தொடங்கியபோது எங்கள் பகுதியும் அதில் இருந்தது. நல்ல விஷயம். நாலு ஊசி, நாலாவது வெகு நாள் கழித்து வரும், அதற்குள் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊசி போட்டாலும் வலை வேண்டும்.

நாங்கள் இப்போது செய்வது சின்ன வேலை. தொண்டர் பையில் ஆணியும் கயிறும் இருக்கும். முன்னறைச் சுவரில் நாலு மூலையிலும் ஆணி அடித்துக் கயிற்றை அங்கேயே விட்டுவிடுவார். பகலில் வலையைச் சுருட்டி மேலே செருகிவிடலாம், விருந்தாளி வந்தால் தெரியாது. பதிவேட்டில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் இன்னொன்று எழுதுகிறேன்: பிள்ளை எந்த அறையில், எதன் மேல் படுத்தான்? பாட்டி வீடு என்று பதில் வந்தால் தொண்டருக்கு அந்த வீட்டுக்கும் சொல்லிவிடுகிறேன்.

மண்சுவர் என்பதால் ஆணி சில வாரத்தில் ஆடிக் கழன்றுவிடுகிறது. வேறு விதமாகக் கட்டியவர்கள் இருந்தால் எப்படி என்று எழுதுங்கள், ஒமேனா வலைக்கயிறு இங்கே தாராளமாகக் கிடைக்கும்.