பக்அப்பில இருந்து முழு லினக்ஸையும் திருப்பி எழுப்பின அனுபவம் இருந்தா எழுதுங்கோ (வன்னிப் பக்கம்)

பரந்தன் சந்தி:
எனக்கு இது மண்டைக்குள்ளயே கிடக்கு. அரிசி ஆலை ஒண்டு, டெபியன் லினக்ஸ் சேர்வர், நெல் நிறுக்கிற பில்லும் கமக்காரருக்குக் குடுக்கிற காசுக் கணக்கும் அதுக்குள்ளதான். ஒவ்வொரு இரவும் டார் அடிச்சு (எல்லா ஃபைலையும் ஒரே பொதியாக் கட்டி) வெளி டிஸ்க்குக்குப் போகும். காலபோக வெட்டு நேரம் பாத்து உள் டிஸ்க் செத்துட்டுது. புது டிஸ்க் போட்டு, பார்டிஷன் பிரிச்சு, டாரை விரிச்சு, குரூட்டால புது டிஸ்க்கில இருக்கிற சிஸ்டத்துக்குள்ள போய் கிரப்பும் (பூட் பண்ண வைக்கிற புரோகிராம்) போட்டாச்சு, இனி வரும் எண்டு பாத்தா சிவப்பு நட்சத்திரம் அங்கயும் இங்கயும் ஓடுது, 1 நிமிசம் 30 செக்கன் எண்ணுது, பிறகு எமர்ஜென்சி மோட் எண்டு ரூட் பாஸ்வேர்ட் கேக்குது. அதைப் போட்டவர் வெளிநாடு போட்டார். வெளியில நெல்லோட வந்த லான்ட்மாஸ்டர் (சின்ன உழவு மெஷின்) வரிசை றோட்டு மட்டும் நிக்குது, ஒரு ஐயா யன்னலால எட்டிப் பாத்து "தம்பி, என்ர நெல் நனையப் போகுது" எண்டார். அந்தக் குரல் இப்பவும் கேக்கும். விசயம் இதுதான், புதுசா ஃபோர்மட் பண்ணினா யூயூஐடி (பார்டிஷனின்ர அடையாள இலக்கம்) மாறும், எந்தப் பார்டிஷனை எங்க ஏத்திறது எண்டு சொல்லுற எஃப்ஸ்டாப் ஃபைலில பழசு கிடந்தது. லைவ் பென்ட்ரைவால ஏறி பிளக்ஐடி அடிச்சுப் புது இலக்கத்தைப் பாத்து ரெண்டு வரி மாத்தினன், வந்திட்டுது.

ஒட்டுசுட்டான்:
அண்ணை, டாரால முழு சிஸ்டத்தை எழுப்பப் போனா இப்பிடித்தான். டிஸ்க்கை இமேஜா எடுக்கிற குளோன்சில்லா எண்டா ஃபைல்சிஸ்டத்தை அப்பிடியே எடுக்கும், யூயூஐடி மாறாது. ஆனா எனக்கு அதிலயும் அடி விழுந்தது. 500 ஜிபி ஹார்ட்டிஸ்க் இமேஜ், கையில கிடந்தது 480 ஜிபி எஸ்எஸ்டி. உள்ள டேட்டா 40 ஜிபிகூட இல்லை, ஆனா சின்ன டிஸ்க்குக்கு ஏலாது எண்டு நிண்டுட்டுது. இரவு 11 மணி, புதுக்குடியிருப்பில எந்தக் கடை திறந்திருக்கும்? விடிய கடை வாசலில போய் நிண்டு ஒரு 1 டிபி இரவல் வாங்கி, அதில விரிச்சு, ஜிபார்ட்டட்டால பார்டிஷனைச் சுருக்கி, பிறகுதான் எஸ்எஸ்டிக்கு மாத்தினன்.

கண்டாவளை:
நீங்கள் ரெண்டு பேரும் டாரோ குளோன்சில்லாவோ எண்டு கதைக்கிறியள், எனக்கு ரெண்டும் உதவேல்லை. 2018 மார்கழி, இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்த நேரம். சேர்வர் மேசைக்கு மேல, பக்அப் டிஸ்க் அதே மேசையின்ர கீழ் லாச்சியில. தண்ணி வத்தி உள்ள போய் லாச்சியை இழுக்க, டிஸ்க்குக்குள்ள இருந்து சேத்துத் தண்ணி வடிஞ்சுது. அதைக் கையில வச்சுக்கொண்டு கன நேரம் நிண்டனான். இடம்பெயரேக்க அம்மா காணி உறுதியையும் எங்கட பிறப்புப் பத்திரங்களையும் பொலித்தீன் பையில சுத்தி இடுப்பில கட்டிக்கொண்டு நடந்தவ, பாய் தலையணை எல்லாம் விட்டிட்டு. அந்த அம்மாவின்ர பிள்ளை நான், பக்அப்பை சேர்வருக்குக் கீழ வச்சிருக்கிறன். இப்ப ஒரு டிஸ்க் வவுனியாவில மாமா வீட்ட இருக்கு, மாசம் ஒருக்கா மாத்துறன்.

மாங்குளம்:
என்ர கதை சின்னன். மதர்போர்ட் மாத்தி, ஆர்சிங்கால (ஃபைல் கொப்பி பண்ணுற கருவி) எடுத்ததைத் திருப்பிப் போட்டன், எல்லாம் ஓடுது, சுவிட்சில பச்சை லைட்டும் எரியுது, ஆனா பிங் போகேல்லை. மூண்டு மணித்தியாலம் கேபிளை மாத்தி மாத்திப் பாத்தன். நெட்வேர்க் கார்ட்டின்ர பேர் ஈஎன்பி3 எஸ்0 இல இருந்து ஈஎன்பி4 எஸ்0 ஆகிட்டுது, கொன்ஃபிக்கில பழைய பேர்.

எல்லாரும் ரியர் பாவியுங்கோ, ரிலாக்ஸ் அன்ட் ரிக்கவர் எண்டுறது, முழு சிஸ்டத்தையும் திருப்பி எழுப்புற கருவி. பென்ட்ரைவ் ஒண்டை ரியர் ஃபோர்மட் குடுத்துத் தயார் பண்ணி, ரியரின்ர செட்டிங்ஸ் ஃபைலான லோக்கல் கொன்ஃபில அவுட்புட் யூஎஸ்பி, பக்அப் நெட்எஃப்எஸ் எண்டு போட்டு, பக்அப் யூஆர்எல்லில அந்தப் பென்ட்ரைவைக் காட்டி, ரியர் எம்கேபக்அப் அடிச்சாச் சரி. அதாலயே பூட் பண்ணி ரியர் ரிக்கவர் எண்டா பார்டிஷன், எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரிக்கிற இன்னொரு முறை), பழைய யூயூஐடி, கிரப் எல்லாம் தானே போடும். டிஸ்க் வேற அளவெண்டா எதை எங்க போட எண்டு கேக்கும், அவசரப்பட்டு என்டர் தட்டாதேங்கோ, வாசியுங்கோ. பென்ட்ரைவில ஃபேட்32 எண்டா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் நிக்காது, அதையும் பாருங்கோ. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கேக்க அதின்ர ஃபோல்டரைக் கொப்பி பண்ணி நம்பாதேங்கோ, அதின்ர டேபிள்கள் இன்னோடிபி வகை எண்டா டம்ப்பை (டேட்டாவை எழுதி எடுக்கிற ஃபைல்) சிங்கிள் டிரான்சக்சனோட தனியா எடுங்கோ. ஆர்சிங்க் எண்டா ஏசிஎல் (ஆருக்கு என்ன அனுமதி எண்ட பட்டியல்), எக்ஸ்அட்டர் (ஃபைலோட ஒட்டின கூடுதல் குறிப்பு), ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பேர்) மூண்டுக்கும் கட்டளையில பெரிய எழுத்து ஏ, பெரிய எக்ஸ், பெரிய எச் வேணும், புரொக், சிஸ், டெவ், ரன் எண்ட நாலு ஃபோல்டரையும் விலக்க வேணும். எல்லாத்துக்கும் மேல, வேற ஒரு பழைய மெஷினில, அதுவும் இல்லாட்டி வேர்ச்சுவல்பொக்ஸில (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற புரோகிராம்), ஒருக்கா முழுசா எழுப்பிப் பாருங்கோ.

ஒட்டுசுட்டான்:
மாங்குளம் அண்ணை, ரியர் நல்லம்தான், ஆனா அந்த மெஷின் உயிரோட இருக்கேக்கயே எடுத்து வைக்கவேணும். செத்த பிறகு வாறவைக்கு என்ன செய்யிறது?

பரந்தன் சந்தி:
செத்த பிறகு வந்தா என்னட்டை இருந்த டார்தான். ஞாயிறு ஆலை பூட்டு, பழைய மெஷின் ஒண்டைத் துடைச்சு வச்சிருக்கிறன், ரியர் பென்ட்ரைவை அதில ஏத்திப் பாக்கிறன். கண்டாவளைத் தம்பி, அந்த டிஸ்க்கில இருந்த கணக்குகள் பிறகு எங்கயாவது கிடைச்சுதோ?

கண்டாவளை:
இல்லை அண்ணை. கொப்பியில எழுதி வச்சிருந்தவையிட்ட வீடு வீடாப் போய்க் கேட்டுத்தான் திருப்பி அடிச்சனாங்கள்.