தட்டினால் டொப்பென்று கேட்கும் பனி

காரைக்குடி:
பிப்ரவரியில் உத்தராகண்ட் மலைக்குப் போனோம், ஐந்து பேர். இரண்டு நாள் விடாமல் பனி. மூன்றாம் நாள் நம்ம ஊர் மாசி வெயில் போலப் பளிச்சென்று விடிந்தது. நாங்கள் பையைக் கட்டுகிறோம், வழிகாட்டி அசையவில்லை. பனி கொட்டி முடிந்த ஒன்றிரண்டு நாள்தான் பனிச்சரிவுக்கு வாய்ப்பு அதிகம், வெயில் ஏறினால் இன்னும் மோசம் என்றார். எனக்குக் கோபம். இவ்வளவு செலவு பண்ணி டெண்டில் ரம்மி ஆடவா வந்தோம்?

மறுநாள் சமதளத்தில் நடக்கும்போது காலடியில் 'டொம்' என்று ஒரு சத்தம். சுற்றிலும் பனி ஒரு விரற்கடை அமுங்கியது. வழிகாட்டி முகம் மாறிவிட்டது. குழி வெட்டிக் காட்டினார். மேலே கெட்டியான பாளம், அடியில் சீனி மாதிரி உதிரும் பனி. இரண்டும் ஒட்டவே இல்லை.

எனக்கு எங்கள் வீட்டு முற்றத்து வளவுச் சுவர்தான் ஞாபகம் வந்தது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, இன்னும் பளபளப்பு குறையவில்லை. ஆனால் உள்ளே பிடிப்பு விட்ட இடத்தைக் கொத்தனார் விரல் முட்டியால் தட்டினால் டொப்பென்று கேட்கும். அங்கே ஆணி அடித்தால் துணுக்கு விழாது, ஆளுயரத்துக்குப் பெயர்ந்து வரும். சரிவில் இந்தப் பனிப் பாளமும் அப்படித்தான் பெயரும், ஆணிக்குப் பதில் நம் கால்.

தேவகோட்டை, முன்னாள் ராணுவம்:
தம்பி சொல்லும் சத்தத்தை லடாக்கில் நானும் கேட்டிருக்கிறேன். சரிவு 30 முதல் 45 டிகிரி என்றால் கும்பலாகப் போகமாட்டோம், ஒருத்தர் கடந்த பிறகுதான் அடுத்தவர். காற்று மறைவுப் பக்கம் குளிருக்கு இதமாக இருக்கும். நம்பாதீர்கள், காற்று அள்ளி வந்த பனியெல்லாம் அங்கேதான் குவியும். 2016 பிப்ரவரி 3, சியாச்சினில் 19,600 அடி உயரத்துச் சோனம் ராணுவ நிலையில் பனி சரிந்து புதைந்த 10 பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்ட். அவர்களில் ஹனுமந்தப்பா என்ற வீரரை மட்டும் ஆறாம் நாள் உயிரோடு எடுத்தார்கள். 11ஆம் தேதி அவரும் போய்விட்டார். சரி, அதை விடுங்கள்.

கானாடுகாத்தான்:
சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய் போகும் வழியில் நாங்களும் பனியில் ஆட்டம் போட்டோம். எங்கள் வீட்டுக்காரர் சரிவில் ஏறிச் சறுக்க, டிரைவர் கத்திக் கூப்பிட்டார். சிடுமூஞ்சி என்று அவரைத் திட்டிக்கொண்டே வந்தோம். அடுத்த வருடம், 2023 ஏப்ரல் 4, அதே சாலையில் பனி சரிந்து 7 பேர் இறந்தார்கள், எல்லோரும் சுற்றுலா வந்தவர்கள். அண்ணே, புதைந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்?

தேவகோட்டை:
முதல் 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கலாம் ஆச்சி. அரை மணி தாண்டினால் கஷ்டம். பனி நின்றதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. கீழேயிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது, கூட வந்தவர்தான் தோண்டணும். அதனால் ஆளுக்கொரு பீக்கன் (புதைந்த இடத்தைச் சிக்னலால் காட்டும் கருவி), குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி வேண்டும்.

காரைக்குடி:
எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே மண்வாரி அண்ணே. அதுவும் சமையல் டெண்டில் இருந்தது.